புதுசா வேலைக்கு வந்த இன்ஜினியருங்க திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்: ஆள் பழக்கம், ரெஃபரல், பாண்ட், இன்னபிற

மெக்கானிக்கலோ சிவிலோ ஐ.டி.யோ, காலேஜ் முடிச்ச முதல் மூணு நாலு வருஷத்துல ஜூனியர்ஸ் கேட்கிறது கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்கள்தான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் அனுப்பி அலுத்துப்போச்சு, அதான் மொத்தமா இங்க போட்டுட்டேன். நான் ஆட்டோ பாகங்கள் செய்ற கம்பெனிகள்ல குவாலிட்டி பக்கம் வேலை பார்க்கிறவ, அதனால உதாரணமெல்லாம் ஷாப் ஃப்ளோர் பக்கமே சாயும். சாஃப்ட்வேர் விஷயங்களை என் தம்பிகிட்டயும் அவன் டீம்காரங்ககிட்டயும் கேட்டுச் சேர்த்திருக்கேன். கேள்வியெல்லாம் நீங்க கேட்ட மாதிரியேதான் இருக்கு, பேர் மட்டும் எடுத்தாச்சு.

அக்கா, நெட்வொர்க்கிங்னா பெரிய ஆளுங்களைக் காக்கா பிடிக்கிறதுதானே?

இல்ல. காக்கா பிடிக்கிறவன் ஒரே ஒரு ஆளைத்தான் பிடிப்பான், அந்த ஆள் வேற பிளான்ட்டுக்கு மாத்தலாகிப் போயிட்டா இவன் கதையும் முடிஞ்சுது. நான் சொல்றது வேற. உங்களுக்கு என்ன வேலை தெரியும், கையில குடுத்தா முடிப்பீங்களா, இது ரெண்டும் ஒரு பத்துப் பதினஞ்சு பேருக்குத் தெரிஞ்சிருக்கணும். அதுல மேனேஜரும் இருக்கலாம், ஸ்டோர்ஸ்ல உட்கார்ந்திருக்கிற அண்ணனும் இருக்கலாம். நீங்க இல்லாத இடத்துல உங்க பேச்சு வர்றப்போ "அந்தப் பையனா, லீக் டெஸ்ட்ல பாகங்கள் கழியற அந்த ரிஜெக்‌ஷனை இறக்கிக் காட்டினானே"ன்னு யாராவது ஒருத்தர் சொல்லணும். வேலையை விட்டுட்டு ஆளை மட்டும் சேர்த்து வச்சீங்கன்னா, அவங்களுக்கு உங்களைப் பத்திச் சொல்ல ஒண்ணுமே இருக்காது.

எங்க வீட்டுல நான்தான் ஃபர்ஸ்ட் கிராஜுவேட், அப்பா விவசாயம். எனக்கு யாரைக்கா தெரியும்?

இந்தக் கேள்விதான் அதிகமா வருது, அதுவும் ராத்திரி நேரத்துல வருது. சொந்தக்காரங்க மூலமா ஒரு ஹெச்.ஆர். நம்பராவது கிடைக்கிற பசங்களோட உங்களை ஒப்பிட்டுப் பார்த்தா வயிறு எரியத்தான் செய்யும், அது நியாயமான எரிச்சல்தான். ஆனா வேலைத் தகவல் பெரும்பாலும் நெருங்கின சொந்தத்துல இருந்து வர்றதில்ல. 1973ல மார்க் கிரானவெட்டர்னு ஒரு அமெரிக்க சமூகவியலாளர் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். பாஸ்டன் பக்கத்துல புதுசா வேலை மாறினவங்ககிட்ட, யார் மூலமா தகவல் கிடைச்சுதோ அவங்களை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீங்கன்னு கேட்டிருக்கார். ஆள் மூலமா வேலை கிடைச்சவங்கள்ல ஆறுல ஒருத்தர்தான் அடிக்கடி பார்க்கிற ஆள் மூலமா வாங்கியிருக்காங்க, மத்தவங்களுக்கெல்லாம் எப்பவாவது பார்க்கிற ஆள்தான். காரணம் சிம்பிள், கூடவே இருக்கிறவனுக்கு நமக்குத் தெரிஞ்சதுதான் தெரியும். அவர் கேட்டது கொஞ்சம் பேருகிட்டதான், ஆனா 2022ல 2 கோடி லிங்க்ட்இன் பயனாளர்களை வச்சுப் பண்ணின ஆய்வு சயின்ஸ் இதழ்ல வந்துச்சு, அதுலயும் நெருங்கின பழக்கத்தை விட அரைகுறைப் பழக்கம்தான் வேலை மாற அதிகம் உதவுதுன்னு தெரிஞ்சுது.

அப்படிப் பார்த்தா உங்க கையில இருக்கிறது சின்ன லிஸ்ட் இல்ல. ரெண்டு செட் சீனியர்ஸ், ஹாஸ்டல்ல பக்கத்து ரூம்ல இருந்த வேற பிராஞ்ச் பசங்க, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குப் போன பட்டறைக்காரர், இன்டர்ன்ஷிப்ல சூப்பர்வைசரா இருந்தவர், லேப் இன்ஸ்ட்ரக்டர். லேப் இன்ஸ்ட்ரக்டரைச் சும்மா நினைக்காதீங்க, எந்த சீனியர் எந்த கம்பெனியில இருக்கான்னு ப்ளேஸ்மென்ட் ஆபீஸை விட அவருக்கு நல்லாத் தெரியும். உங்க செட்ல அறுபது பேர் இருந்தா மூணு வருஷத்துல முப்பது கம்பெனியில இருப்பாங்க, அந்த வாட்ஸ்அப் குரூப்பை மியூட்ல போட்டுட்டு "எனக்கு யாரையும் தெரியாது"ன்னு சொன்னா எப்படி.

லிங்க்ட்இன்ல தெரியாதவங்களுக்கு மெசேஜ் போட்டா பாக்குறாங்க, ரிப்ளையே பண்ண மாட்டேங்கிறாங்க. ஏன்?

நீங்க அனுப்பினதை எனக்கும் அனுப்பியிருக்கீங்க, அதனால தெரியும். "ஹாய் சார், ஐ ஆம் எ ஃப்ரெஷர், கைன்ட்லி ரெஃபர் மீ ஃபார் எனி சூட்டபிள் ரோல்." இதுக்கு அவர் என்னன்னு பதில் எழுதுவார்? எந்த வேலை, நீங்க யாரு, உங்களுக்கு எது சூட் ஆகும்னு மூணையும் அவரே உட்கார்ந்து கண்டுபிடிக்கணும். ஆபீஸ் முடிஞ்சு பஸ்ல தொங்கிட்டு வர்ற மனுஷன் அதைச் செய்ய மாட்டார்.

நாலே வரி போதும், இங்கிலீஷ்லயோ தமிழ்லயோ. அவரை ஏன் தேர்ந்தெடுத்தீங்கன்னு ஒரு வரி: அதே காலேஜ், அதே மெஷின்ல வேலை, அவர் போட்ட ஒரு போஸ்ட், ஏதோ ஒண்ணு உண்மையா இருக்கணும். நீங்க இப்ப என்ன பண்றீங்கன்னு ஒரு வரி. அப்புறம் ஒரே ஒரு கேள்வி, அவர் ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்ற மாதிரி. உதாரணத்துக்கு "நீங்க புரொடக்‌ஷன்ல இருந்து டிசைனுக்கு மாறியிருக்கீங்க, கேட்டியா (CATIA) டிசைன் சாஃப்ட்வேரை முதல்ல கத்துக்கணுமா இல்ல டிராயிங், டாலரன்ஸ் நல்லா வந்தா போதுமா?" இந்த மாதிரி கேள்விக்கு மனுஷங்க பதில் சொல்லுவாங்க, ஏன்னா தன் அனுபவத்தைக் கேட்டா யாருக்கும் பிடிக்கும். வேலை கேட்கிறதை முதல் மெசேஜ்லயே வைக்காதீங்க. பதில் வரலைன்னா ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு ஒரு தடவை ஞாபகப்படுத்தலாம், அதுக்கு மேல வேண்டாம். பத்துப் பேருக்கு அனுப்பி ரெண்டு பேர் பதில் சொன்னாலே நல்ல கணக்குதான்.

ரெஃபரல் கிடைச்சா வேலை கன்ஃபர்மா?

கிடையாது. ரெஃபரல்னா உங்க ரெஸ்யூமை ஒரு மனுஷன் கண்ணால பார்க்க வைக்கிறது, அவ்வளவுதான், இன்டர்வியூ நீங்கதான் தாண்டணும். நிறைய கம்பெனியில ரெஃபர் பண்ணின ஆள் சேர்ந்தா போனஸும் உண்டு, அதனால ஏதோ பிச்சை கேட்கிற மாதிரி கூனிக்குறுக வேண்டியதில்ல. ஆனா அவர் பேர் அதுல நிற்குது, அதை மறக்கக் கூடாது.

கேட்கிறப்போ அந்த ஓப்பனிங்கோட நம்பர், ஒரு பக்க ரெஸ்யூம், "இந்த வேலைக்கு நான் ஏன்"னு மூணு வரி, இதெல்லாத்தையும் சேர்த்தே அனுப்பிடுங்க, அவர் காப்பி பேஸ்ட் பண்ணினா போதும்ங்கிற மாதிரி. ஒரே கம்பெனியில நாலு பேரைக் கேட்டு நாலு பேரும் ஏத்தினா பெரும்பாலும் முதல்ல ஏத்தினவர் கணக்குலதான் நிற்கும், மத்த மூணு பேருக்கும் உங்க மேல கடுப்பு. ஒருத்தர்கிட்ட கேளுங்க, அவர் முடியாதுன்னா அடுத்தவர்.

கன்சல்டன்சியில முப்பதாயிரம் கட்டினா வேலை கன்ஃபர்ம்ங்கிறாங்க, கட்டலாமா?

கட்டாதீங்க. வேலை குடுக்கிறவன் ஆள் தேடித் தர்றவனுக்குக் காசு குடுப்பான், வேலை தேடுறவன் குடுக்கிறதில்ல.

நான் ஒரகடத்துல ஜி.இ.டி. (கிராஜுவேட் இன்ஜினியர் ட்ரெய்னி), மூணு ஷிஃப்ட். நைட் முடிச்சு ரூமுக்கு வந்து விழுந்தா மத்தியானம்தான். நெட்வொர்க்கிங்குக்கு டைம் எங்கக்கா?

வெளிய எங்கயும் போக வேண்டாம், உங்க பிளான்ட்டுக்குள்ளயே உலகம் வந்து போகுது. சி.என்.சி. மெஷின் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டுல ஓடுறது) ரிப்பேர்னா சர்வீஸ் இன்ஜினியர் வர்றார் இல்ல, அவர் அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர்னு எல்லா பிளான்ட்டுக்கும் போறவர். எங்க புது லைன் போடுறாங்க, எங்க ஆள் எடுக்கிறாங்க, எந்த மேனேஜர்கிட்ட மூணு மாசம் கூட தாங்க முடியாதுன்னு எல்லாம் அவருக்குத் தெரியும். டூல் சப்ளையர், கேஜ் (அளவுக் கருவி) காலிப்ரேஷனுக்கு வர்றவர், கஸ்டமர் பக்கத்து சப்ளையர் குவாலிட்டி ஆளு, இவங்களும் அப்படித்தான். சர்வீஸ் இன்ஜினியர் பேனலைத் திறந்து வச்சு வேலை பார்க்கிறப்போ பக்கத்துல நின்னு என்ன பண்றார்னு பாருங்க, அலாரம் ஹிஸ்டரியை நீங்களே எடுத்து வச்சிருந்து குடுங்க. அடுத்த தடவை அவரே உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்.

இன்னொண்ணு, கஸ்டமர் கம்ப்ளெய்ன்ட்டுக்கு 8டி ரிப்போர்ட் (பிரச்சினையோட காரணத்தையும் தீர்வையும் எட்டுப் படியில எழுதறது) எழுதறப்போ எல்லாரும் ஓடி ஒளிவாங்க, நீங்க போய் உட்காருங்க. மெயின்டனன்ஸ், டூல் ரூம், புரொடக்‌ஷன், ஸ்டோர்ஸ்னு நாலு டிபார்ட்மென்ட்டோடயும் பேசாம அதை முடிக்க முடியாது, ஆறு மாசத்துல பழகறதை ஒரே வாரத்துல பழகிடுவீங்க. ஒரே ஒரு எச்சரிக்கை: பழக்கம்ங்கிற பேர்ல டிராயிங், விலை, ரிஜெக்‌ஷன் கணக்கு எதையும் வெளி ஆளுக்கு அனுப்பாதீங்க. வாட்ஸ்அப்ல போன ஒரு போட்டோ போதும், வேலையும் போயிடும் பேரும் போயிடும்.

அப்ரென்டிஸா ஒரு வருஷம் போறது வேஸ்ட்டா?

வேற ஆஃபர் கையில இல்லைன்னா வேஸ்ட் இல்ல. அப்ரென்டிஸ் சட்டம் 1961படி நடக்கிற என்.ஏ.டி.எஸ். (தேசிய அப்ரென்டிஸ் பயிற்சி) திட்டம் இது, தெற்கு மாநிலங்களுக்கான பயிற்சி போர்டு சென்னை தரமணியில இருக்கு. பட்டதாரிக்குக் குறைஞ்சபட்ச ஸ்டைபன்ட் 9000 ரூபாய்னு 2019 விதித் திருத்தத்துல வச்சாங்க, இப்ப எவ்வளவுன்னு சேர்றப்போ போர்ட்டல்லயே பார்த்துக்கோங்க, சில கம்பெனி கூடவும் தருது. முடிச்சதும் உங்களை எடுத்துக்கணும்னு கம்பெனிக்குக் கட்டாயம் கிடையாது, இதைத் தெரிஞ்சே போங்க. ஏற்கெனவே ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ வேலை பார்த்தாச்சுன்னா இதுக்குள்ள வர முடியாது.

சிலர் "ட்ரெய்னி"யையும் "அப்ரென்டிஸ்"ஸையும் ஒண்ணுன்னு நினைச்சு அப்ரென்டிஸாச் சேர்ந்துட்டு பி.எஃப். ஏன் பிடிக்கலைன்னு கேட்கிறாங்க. ஆர்டர்ல எந்தச் சட்டத்துக்குக் கீழ எடுத்திருக்காங்கன்னு படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. அந்த ஒரு வருஷத்துல என்ன பண்ணணும்னா, மேல ஒரகடம் தம்பிக்குச் சொன்னதேதான்.

எங்க டீம்ல முக்கியமான பேச்செல்லாம் டீ கடையிலதான் நடக்குது. நான் மட்டும்தான் பொண்ணு, அங்க போய் நிக்க ஒரு மாதிரியா இருக்கு. என்ன பண்றது?

உண்மை. சிகரெட் பிடிக்கப் போன இடத்துல யாரை எந்த ப்ராஜெக்ட்டுல போடறதுன்னு பேசி முடிச்சுட்டு வந்துருவாங்க, நமக்கு மெயில்லதான் தெரியும். சிலர் "நீயும் போய் நில்லு, என்ன இப்போ"ன்னு சொல்லுவாங்க. முடிஞ்சா போங்க, நான் போயிருக்கேன், ஒரு வாரத்துல எல்லாருக்கும் பழகிடும். முடியலைன்னா அது உங்க குறை இல்ல, வேற இடத்துல அந்தப் பேச்சைப் பிடிக்கணும்.

எனக்கு உதவினது காலைல நடக்கிற லைன் மீட்டிங். நேத்து என்ன ரிஜெக்‌ஷன், இன்னைக்கு என்ன ரிஸ்க்னு நான்தான் சார்ட் எழுதுவேன்னு எடுத்துக்கிட்டேன். எழுதுறவகிட்ட எல்லாரும் வந்து சொல்லித்தானே ஆகணும். அதே மாதிரி புது மாடல் வர்றப்போ சி.எஃப்.டி. டீம்ல (எல்லா டிபார்ட்மென்ட் ஆளும் சேர்ந்த டீம்) பேர் குடுங்க, மினிட்ஸ் எழுதுற வேலையை மட்டும் "பொண்ணு கையெழுத்து அழகா இருக்கும்"னு உங்க தலையில கட்டினா ஒரு தடவைக்கு மேல ஒத்துக்காதீங்க, ஒரு ஆக்‌ஷன் பாயின்ட்டை உங்க பேர்ல வாங்குங்க. மினிட்ஸும் சார்ட்டும் ஒண்ணு இல்ல, சார்ட்ல கணக்கு உங்க கையில இருக்கு.

அப்புறம், "கைடு பண்றேன்"னு ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் பண்றவர் மென்டர் இல்ல. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. வேலை இடத்துல பாலியல் தொல்லையைத் தடுக்கிற 2013 சட்டப்படி பத்துப் பேருக்குக் குறையாம வேலை செய்ற இடத்துல உள் புகார்க் குழு இருந்தே ஆகணும், அதுல யார் யார் இருக்காங்கன்னு பிரச்சினை வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கோங்க.

எக்ஸ்போ, மீட்டப்புக்கெல்லாம் போனா பிரயோஜனம் உண்டா? போனா பேனாவும் கேரி பேக்கும்தான் கிடைக்குது.

பேக் வாங்கத்தான் போறீங்கன்னா அதுதான் கிடைக்கும். நந்தம்பாக்கம் ட்ரேட் சென்டர்ல அம்பத்தூர் எஸ்டேட் சங்கத்துக்காரங்க ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நடத்துற ஆக்மி, கோயம்புத்தூர் கொடிசியாவுல இன்டெக், பெங்களூர்ல இம்டெக்ஸ், இதெல்லாம் மெஷின் பக்கத்து ஆளுங்களுக்குத் திருவிழா. ஸ்டால்ல முன்னாடி நிற்கிற சேல்ஸ் ஆளை விட்டுட்டு, பின்னாடி மெஷினை ஓட்டிக் காட்டிட்டு இருக்கிற அப்ளிகேஷன் இன்ஜினியர்கிட்ட போங்க. உங்க லைன்ல இருக்கிற ஒரு நிஜப் பிரச்சினையை, கம்பெனி பேர் சொல்லாம கேளுங்க: "அலுமினியத்துல இந்த டெப்த்துக்குப் போறப்போ சிப் (உலோகச் சீவல்) சுத்திக்குது, நீங்க என்ன பண்ணுவீங்க?" அவர் குஷியாயிடுவார். கடைசி நாள் கூட்டம் குறைஞ்சிருக்கும், நின்னு பேசலாம். அன்னைக்கு ராத்திரியே பேரோட ஒரு மெசேஜ் போட்டுடுங்க, ரெண்டு வாரம் கழிச்சுப் போட்டா அவருக்கு உங்க முகமே ஞாபகம் இருக்காது.

சாஃப்ட்வேர்னா சென்னையில சென்னைபை (பைத்தான் புரோகிராமருங்க குழு), லினக்ஸ் யூசர்ஸ் குரூப் மாதிரி மாசக் கூட்டம் நடத்துற குழுக்கள் வருஷக் கணக்கா இருக்கு. காசு கிடையாது. தம்பி சொல்றது, மூணு மாசம் சும்மா போய் உட்காரு, நாலாவது மாசம் பத்து நிமிஷம் ஒரு டாக் குடு, அதுக்கப்புறம் நீ யாரையும் தேடிப் போக வேண்டாம், அவங்களே வந்து பேசுவாங்கன்னு.

ஐ.இ.இ.இ. (எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியருங்களோட உலக அமைப்பு), இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் மெம்பர்ஷிப்லாம் எடுக்கணுமா?

ரெஸ்யூம்ல ஒரு வரி சேர்க்கணும்னு எடுக்காதீங்க, அந்த வரியை யாரும் படிக்கிறதில்ல. இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் 1920ல நம்ம மெட்ராஸ்ல பதிவான அமைப்பு, இப்ப தலைமையகம் கொல்கத்தா. சார்ட்டர்டு இன்ஜினியர் பட்டம் அங்க வாங்கலாம், அது அனுபவம் சேர்ந்த பிறகு மதிப்பீடு, சான்றிதழ் வேலைக்குப் போறவங்களுக்குத்தான் நிஜமா உதவும். சிவில் பசங்களுக்கு இந்தியன் கான்க்ரீட் இன்ஸ்டிட்யூட், ஆட்டோமொபைலுக்கு எஸ்.ஏ.இ. இந்தியா, ரெண்டுக்கும் தலைமையகமே சென்னைதான். காலேஜ்ல எஸ்.ஏ.இ.யோட பாஹா போட்டிக்கு வண்டி செஞ்ச பசங்களுக்கு ரெண்டாவது ஏற்கெனவே பழக்கம், அந்த டீம் சீனியர்ஸை விட்றாதீங்க.

ஐ.இ.இ.இ.ல முதல் டிகிரி முடிச்சு 15 வருஷம் வரைக்கும் யங் புரொஃபஷனல்ஸ் பிரிவு இருக்கு. எதுல சேர்ந்தாலும் ஒரு நிகழ்ச்சி நடத்துற வேலையை எடுத்துச் செய்ங்க, பேச்சாளருக்கு ஃபோன் பண்றது, வண்டி ஏற்பாடு பண்றது, இப்படி. அந்தச் சாக்குல இருபது வருஷ அனுபவம் இருக்கிற ஆளோட கார்ல ஒரு மணி நேரம் வருவீங்க. ஃபீஸ் கட்டினதுக்கு உருப்படியா கிடைக்கிறது அதுதான்.

பி.எம்.பி. (ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்) சர்டிஃபிகேஷன் பண்ணவா, கேட் (GATE) எக்ஸாம் எழுதவா, எம்.பி.ஏ.வா?

மூணும் மூணு திசை. பி.எம்.பி.க்கு நாலு வருஷ டிகிரி இருந்தாலும் 36 மாசம் ப்ராஜெக்ட் நடத்தின அனுபவம் வேணும், ஃப்ரெஷருக்கு அது இல்ல. கேட் ஸ்கோர் மூணு வருஷம் செல்லும், பொதுத்துறை கம்பெனிகள் சிலது அதை வச்சு எடுக்குது, குறி அதுன்னா ஒழுங்கா உட்கார்ந்து படிங்க. மத்தபடி நீங்க ஆசைப்படுற சீட்ல இப்ப இருக்கிற ரெண்டு பேரைக் கேளுங்க, கேட்கிற முறை லிங்க்ட்இன் கேள்வியில இருக்கு. கோர்ஸ் விக்கிறவங்களைக் கேட்காதீங்க.

எனக்குப் பேசவே வராதுக்கா. இங்கிலீஷும் தடுமாறும். என்னை மாதிரி ஆளு என்ன பண்றது?

எழுதுங்க. ஒரு பிரச்சினையை எப்படித் தீர்த்தீங்கன்னு ஒரு பக்கம், படத்தோட, கம்பெனி ரகசியம் இல்லாம. தமிழ்லயே எழுதலாம், காஞ்சிபுரம் லினக்ஸ் குழு மாதிரி தமிழ்லயே டெக்னிக்கலா பேசிக்கிற இடங்களும் இருக்கு. ஷாப் ஃப்ளோர்ல இங்கிலீஷ் தேவையே இல்ல, ஆடிட்டுக்கும் கஸ்டமர் காலுக்கும் தேவை, அதுக்கு அந்த வேலைக்கான ஐம்பது வாக்கியத்தை மனப்பாடமா வச்சுக்கோங்க. பேச்சாளியா இருக்கிறவனை விட சொன்ன தேதிக்குச் சொன்னதை முடிக்கிறவனைத்தான் ஜனங்க ஞாபகம் வச்சுக்கிறாங்க.

வேலை நான் பண்றேன், பிரசன்டேஷன்ல என் மேனேஜர் பேர்தான் இருக்கு. சண்டை போடவா?

சண்டை போட்டா ஜெயிக்கிறது கஷ்டம், அதுவும் ரெண்டாவது வருஷத்துல. வாரக் கடைசியில அஞ்சு வரி மெயில், "இந்த வாரம் முடிச்சது, அளவு எவ்வளவுல இருந்து எவ்வளவு ஆச்சு, அடுத்த வாரம்". மேனேஜருக்கு டூ, சம்பந்தப்பட்ட மத்த டிபார்ட்மென்ட் ஆளுக்கு சிசி. நீங்க புகார் சொல்லலை, தகவல் சொல்றீங்க. கைசன் ஷீட்டுல (வேலையில பண்ணின சின்னச் சின்ன முன்னேற்றத்தை எழுதறது) உங்க பேரை நீங்களே எழுதிக் குடுங்க. அப்ரைசல்ல இந்த மெயிலெல்லாம்தான் கை கொடுக்கும், வேற இடத்துக்கு ரெஸ்யூம் எழுதறப்போவும் அதுதான் மூலதனம். சில மேனேஜர் எதுக்கும் மசிய மாட்டார், அப்போ அடுத்த கேள்வியைப் படிங்க.

ஒரு வருஷம்தான் ஆச்சு, பேப்பர் (ராஜினாமா) போடலாமா? ரெண்டு வருஷம் இருப்பேன்னு எழுதிக் குடுத்த பாண்ட் வேற இருக்கு.

பாண்டை முதல்ல எடுத்துப் படிங்க. "பாண்டெல்லாம் செல்லாது"ன்னு கேன்டீன்ல சொல்றதும் தப்பு, "ஜெயில்ல போட்டுருவாங்க"ன்னு ஹெச்.ஆர். மிரட்டுறதும் தப்பு, இது சிவில் விவகாரம். ஒப்பந்தச் சட்டம் 1872ல பிரிவு 27, ஒருத்தரைத் தொழிலே செய்ய விடாம தடுக்கிற ஒப்பந்தம் செல்லாதுங்குது. ஆனா குறைஞ்சபட்சம் இத்தனை வருஷம் இருக்கணும், இல்லைன்னா பணம் கட்டணும்ங்கிறது அந்த மாதிரித் தடை இல்லைன்னு 2025 மே மாசம் விஜயா பேங்க் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, அங்க 3 வருஷத்துக்குள்ள போனா 2 லட்சம்னு நிபந்தனை. அது பொதுத்துறை பேங்க், உங்க கம்பெனிக்கு அப்படியே பொருந்தும்னு நினைச்சுக்காதீங்க. பொதுவா எழுதின தொகை முழுசையும் அப்படியே வாங்கிட முடியாது, பிரிவு 74படி நியாயமான நஷ்ட ஈடுதான். நோட்டீஸ் வந்தா வக்கீலைப் பாருங்க, வாட்ஸ்அப் குரூப்பைப் பார்க்காதீங்க. ஒரிஜினல் மார்க் ஷீட்டை மட்டும் எந்தக் கம்பெனிக்கும் குடுத்து வைக்காதீங்க.

சொல்லாம கொள்ளாம ஓடிப்போறது வேண்டவே வேண்டாம். ரிலீவிங் லெட்டர் இல்லாம அடுத்த இடத்துல முழி பிதுங்கும், யு.ஏ.என்.ல (பி.எஃப். கணக்கு நம்பர்) சேர்ந்த தேதி விலகின தேதி எல்லாம் கிடக்குது, மறைக்க முடியாது. பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவு பண்ணாம புது கம்பெனிக்கு மாத்துங்க, அஞ்சு வருஷ சர்வீஸ் ஆகறதுக்குள்ள எடுத்தா வரி உண்டு. ஒரு வருஷத்துல மாறுறது குத்தம் இல்ல, மூணு வருஷத்துல மூணு கம்பெனின்னா ஒவ்வொரு இன்டர்வியூலயும் அதையேதான் கேட்பாங்க.

திடீர்னு ஆளைக் குறைச்சதுல என் வேலை போயிடுச்சு. யார்கிட்டயும் சொல்லவே கூச்சமா இருக்கு.

சொல்லுங்க, அதுவும் முதல் வாரத்துலயே. கூட வேலை பார்த்தவங்களுக்குத் தனித்தனியா ஃபோன், பொதுவா ஒரு போஸ்ட் அப்புறம். "ஏதாவது இருந்தா சொல்லுங்க"ன்னு விடாம, எந்த ஊர், எந்த ரோல், எப்போ சேர முடியும்னு சொல்லுங்க, கேட்கிறவருக்கு யாரைக் கூப்பிடறதுன்னு உடனே தோணும். இதுக்கு முன்னாடி ரெண்டு வருஷமா ஒரு ஹலோ கூட சொல்லாதவர்கிட்டயும் பேசலாம், "ரொம்ப நாளாச்சு, பேசாம விட்டுட்டேன்"னு ஒரு வரியோட ஆரம்பிங்க. பெரும்பாலும் யாரும் தப்பா எடுத்துக்கிறதில்ல. மேல சொன்ன ஆய்வுல வர்ற அந்த "எப்பவாவது பார்க்கிற ஆள்" இவங்கதான்.

சீனியர் அண்ணா ரெஃபர் பண்ணி ஆஃபர் வந்துருச்சு. இப்ப வேற கம்பெனியில இன்னும் நல்ல ஆஃபர். சேரலைன்னா அவர் கோவிச்சுக்குவாரா?

சேராததுக்குக் கோவிக்க மாட்டார், ஹெச்.ஆர். மூலமா தெரிஞ்சா கோவிப்பார். ஹெச்.ஆருக்கு மெயில் போடறதுக்கு முன்னாடி அவருக்கு ஃபோன் பண்ணுங்க, மெசேஜ் இல்ல, ஃபோன். சம்பளம்தான் காரணம்னா சம்பளம்னே சொல்லுங்க, "ஃபேமிலி சிச்சுவேஷன்"னு சுத்தி வளைச்சா அடுத்த வாரமே லிங்க்ட்இன்ல புது கம்பெனி பேரைப் பார்த்துட்டுச் சிரிப்பார். ஜாயினிங் தேதிக்கு முந்தின நாள் வரைக்கும் இழுக்காதீங்க, அந்த சீட்டுக்கு அவங்க ஆளை நிறுத்தி வச்சிருப்பாங்க. அந்த வேலைக்குப் பொருத்தமா உங்க செட்ல வேற யாராவது இருந்தா, அவங்ககிட்ட கேட்டுட்டு அந்த ரெஸ்யூமையும் அதே ஃபோன்ல சொல்லி அனுப்பி வைங்க.